அந்தப் பதக்கம் யாருக்குத் தேவை?

சேர்வராயன் மலைக்கு மேற்கே, ஓமலூரைச் சுற்றிய சமவெளியில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பெரியவடகம்பட்டி பாராலிம்பிக் வீரர் மாரியப்பன் தங்கவேலுவைத் தந்தது. சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனைத் தந்தது. இருவரும் அன்றாடக் கூலியை நம்பிய வீடுகளில் பிறந்தவர்கள். மாரியப்பனின் தாய் காய்கறி விற்றார். நடராஜனின் தந்தை தறி வேலைக்குப் போனார். தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். ஒருவர் ஐந்து வயதில் பேருந்துச் சக்கரத்தில் வலது காலின் முழங்காலுக்குக் கீழ்ப் பகுதி நசுங்கிவிட, மீதமிருந்த வலுவைக் கொண்டு உயரம் தாண்டக் கற்றார். இன்னொருவர் டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசக் கற்றார். ஒரே வறட்சி, ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே தலைமுறை. ஆனால் இருவரும் ஏறிய படிகள் வேறு. ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டு இருக்க வேண்டும், எந்த வீரர் ஆட வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேட நான் இந்த இரண்டு ஊர்களுக்கு அப்பால் போக வேண்டியிருக்கவில்லை.

கேள்வி இப்போது நமக்கு நெருக்கமானது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளில் கிரிக்கெட்டைச் சேர்த்தது. 1900-இல் பாரிஸில் பிரிட்டனும் பிரான்சும் ஆடிய ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பிறகு, 128 ஆண்டுகள் கழித்து கிரிக்கெட் திரும்புகிறது. 2036 போட்டிகளை நடத்த இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. ஒலிம்பிக் குழுவின் புதிய தலைவரான ஜிம்பாப்வே நீச்சல் வீராங்கனை கிறிஸ்டி கவென்ட்ரி, விளையாட்டுப் பட்டியலையே மறு ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். எது உள்ளே, எது வெளியே என்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. கிரிக்கெட்டுக்கு அங்கே இடம் கொடுத்தது தவறு என்பது என் கருத்து. ஆனால், கிரிக்கெட் வீரர்கள் பணக்காரர்கள், காசுக்கு ஆடுபவர்கள் என்று பலர் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்தக் காரணத்தின் வரலாறு மிகவும் கசப்பானது.

ஆட்டத்துக்குப் பணம் வாங்காதவரே தூய வீரர் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சீமான்கள் உண்டாக்கியது. தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டியில் அன்று உடலுழைப்புத் தொழிலாளிகள் கலந்துகொள்ளவே முடியாது என்று விதி இருந்தது. தசை வலுவால் பிழைப்பவருக்கு நியாயமற்ற சாதகம் இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன வாதம். செங்கல் அடுக்கும் கொத்தனாராக இருந்த அமெரிக்கர் ஜான் கெல்லியை 1920-இல் ஹென்லி திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் இரண்டு தங்கம் வென்றார். மாரியப்பனும் கட்டட வேலைக்குப் போனவர்தான். காலையில் செய்தித்தாள் போட்டுவிட்டு, பகலில் சித்தாள் வேலை செய்து, இடையில் கிடைத்த நேரத்தில் தாண்டியவர். ஹென்லியின் விதி இங்கே இருந்திருந்தால் அவர் பெயரையே பதிவுசெய்திருக்க முடியாது. ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் கூடை சுமக்கும் ஒருவருடைய மகளும் மகனும் எந்தக் காலத்திலும் உள்ளே வந்திருக்க முடியாது. தோட்ட முதலாளியின் பிள்ளைகளுக்கு மட்டும் கதவு திறந்திருக்கும்.

அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். அதற்கு முன்பு சிறு ஊர் அணிகளில் பேஸ்பால் ஆடிச் சில்லறைக் காசு வாங்கினார் என்பதற்காக மறு ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். அவரை மட்டுமே வெற்றியாளராக முழுமையாக அறிவிக்க 2022 வரை ஆயிற்று. அவர் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பது தங்கம் வென்ற பின்லாந்தின் பாவோ நூர்மி, பயணச் செலவுக்கு அதிகமாகப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டில் 1932 ஒலிம்பிக்கில் ஓட விடப்படவில்லை. அந்த ஒலிம்பிக் நடந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ். 2028-இல் ஐபிஎல் கோடீஸ்வரர்களை வரவேற்கப்போவதும் அதே ஊர்.

ஆகவே பணம் வாங்குபவரை விலக்குவது என்பது, விளையாட்டைப் பிழைப்பாக்கிக்கொள்ள வேண்டிய ஏழையை விலக்குவதாகவே எப்போதும் முடிந்தது. 1970-களில் அந்த விதி தளர்ந்தது; 1986-இல் அந்தந்த விளையாட்டுச் சம்மேளனமே முடிவெடுக்கலாம் என்றானது; 1988 சோலில் தொழில்முறை டென்னிஸ் வீரர்கள் வந்தார்கள்; 1992 பார்சிலோனாவில் என்பிஏ கூடைப்பந்து நட்சத்திரங்கள் வந்தார்கள். இது நல்ல மாற்றம். 2024 பாரிஸில் தடகளத்தில் தங்கம் வென்றவர்களுக்கு உலகத் தடகள அமைப்பு முதன்முறையாகத் தலா 50,000 டாலர் பரிசு கொடுத்தது. அதைக் கண்டித்தவர்கள் உண்டு. நான் மனதார வரவேற்கிறேன். உடலை ஆண்டுக்கணக்கில் வருத்திக்கொண்டவருக்குக் கூலி கிடைப்பதில் என்ன மாசு?

பணம் அளவுகோல் இல்லை என்றால் வேறு எது? என் விடை எளிது. ஒலிம்பிக் பதக்கத்தைவிட உயரமான ஒரு சிகரம் அந்த விளையாட்டில் வேறு எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் அது ஒலிம்பிக்கில் இருக்க வேண்டும்.

மாரியப்பனைப் பாருங்கள். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அதற்கு முந்தைய நாள்வரை சேலம் மாவட்டத்திலேயே பெரும்பாலானோருக்கு அவர் பெயர் தெரியாது. டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம், இடையே 2024 கோபே உலகப் போட்டியில் தங்கம். கோபேயில் வென்றது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? உயரம் தாண்டுபவருக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மாலைப்பொழுது, சில தாண்டல்கள். அதற்கு முன்னும் பின்னும் தொலைக்காட்சி இல்லை, ஏலம் இல்லை. பாராலிம்பிக்கை நடத்தும் அமைப்பு வேறு என்றாலும், அதே ஊரில் அதே வளையத்தின் தொடர்ச்சியாக நடப்பதால்தான் அந்தத் தங்கத்துக்கு மாநில அரசின் 2 கோடி ரூபாயும் பின்னர் கேல் ரத்னாவும் வந்தன. அந்த மேடை இல்லாதிருந்தால், எட்டுத் திசையிலும் தேடினாலும் அவருக்கு வேறு மேடை கிடைத்திருக்காது.

நடராஜனின் பாதையில் படிகள் நெருக்கமாக இருக்கின்றன. தமிழ்நாட்டின் டிஎன்பிஎல் தொடரில் யார்க்கர்களால் கவனம் ஈர்த்தார்; 2017-இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது; பிறகு ஹைதராபாத். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக ஒருநாள் போட்டி, இரண்டு நாளில் இருபது ஓவர் போட்டி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 2025 ஐபிஎல்லுக்கு டெல்லி கொடுத்த விலை 10.75 கோடி. அவர் அந்தப் பணத்தில் சின்னப்பம்பட்டியிலேயே மைதானம் அமைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறார். வாழப்பாடியில் 2020-இல் ராகுல் டிராவிட் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்ட மைதானம் இருக்கிறது. கிரிக்கெட் தன் பிள்ளைகளைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. இந்தியக் கிரிக்கெட்டின் ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. இத்தனை வலுவான விளையாட்டுக்கு ஒலிம்பிக் என்ன கொடுத்துவிடப் போகிறது? மாறாக, இந்தியப் பார்வையாளர்களையும் விளம்பரங்களையும் கிரிக்கெட்தான் ஒலிம்பிக்குக்குக் கொடுக்கப்போகிறது. அழைப்பு வந்ததும் அதற்காகத்தான்.

என் அளவுகோலுக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. டென்னிஸுக்கும் விம்பிள்டன் என்ற சிகரம் இருக்கிறது. ஆனால் 24 கிராண்ட்ஸ்லாம் வென்ற ஜோகோவிச், 37 வயதில் பாரிஸில் தங்கம் வென்றபோது களிமண் தரையில் முழந்தாளிட்டு அழுதார். அந்தக் கண்ணீரைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டென்னிஸுக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம்: 1952-க்குப் பிறகு 44 ஆண்டுகள் தனிநபர் பதக்கமே இல்லாமல் கிடந்த இந்தியாவுக்கு 1996 அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் வெண்கலம் கொண்டுவந்தார். ஆகவே சிகரம் என்ற அளவுகோல் மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் வேண்டும்: எத்தனை நாடுகளுக்குக் கதவு திறக்கிறது? டென்னிஸ் ஒற்றையரில் 64 பேர் ஆடுகிறார்கள்; ஒரு நாட்டிலிருந்து நான்கு பேருக்கு மேல் வர முடியாது. உலகத் தரவரிசையில் எங்கோ இருக்கும் சின்ன நாட்டுக்காரருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கிரிக்கெட் ஆடப்போவது ஆண்களில் ஆறு அணி, பெண்களில் ஆறு அணி. அவ்வளவுதான்.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள கரீபியன் கடலின் செயின்ட் லூசியாவைப் பார்க்கலாம். மக்கள்தொகை ஏற்காட்டை மடியில் வைத்திருக்கும் சேலம் மாநகரத்தில் கால் பகுதிகூட இல்லை. இரண்டு லட்சத்தைத் தொடாது. அந்தத் தீவின் டேரன் சாமி வெஸ்ட் இண்டீஸ் அணிக்குத் தலைமை தாங்கி 2012, 2016 இருபது ஓவர் உலகக் கோப்பைகளை வென்றார். ஆனால் ஒலிம்பிக்கில் வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது. அந்த அணி ஜமைக்கா, பார்படாஸ், செயின்ட் லூசியா என்று பிரிந்துதான் வர வேண்டும். ஆறே இடங்களில் இவர்களில் யார் நுழைய முடியும்? அதே தீவின் ஜூலியன் ஆல்ஃபிரட், 2024 ஆகஸ்டில் பாரிஸில் 100 மீட்டரை 10.72 நொடியில் ஓடித் தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார். அவர் ஓடுவதற்கு அணி தேவைப்படவில்லை, வாரியம் தேவைப்படவில்லை. உலகின் மிகச் சிறிய இடத்திலிருந்து ஒருத்தி தனியே வந்து உலகின் வேகமான பெண்ணாக நிற்க முடிந்தது. ஒலிம்பிக் எதற்காக இருக்கிறது என்று கேட்பவருக்கு அந்தப் பத்து நொடிகளைக் காட்டலாம்.

கிரிக்கெட்டைச் சேர்த்ததால் வரும் நன்மைகளை மறைக்க நான் விரும்பவில்லை. ஒலிம்பிக் முத்திரை விழுந்தால்தான் பல நாட்டு அரசுகள் ஒரு விளையாட்டுக்கு நிதி ஒதுக்கும். அது சிறிய கிரிக்கெட் நாடுகளுக்கு உதவும். பெண்கள் கிரிக்கெட்டுக்கு இன்னொரு பெரிய மேடை கிடைக்கிறது. ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டதால் இந்தியக் கிரிக்கெட் வாரியமும் 2025-இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. இது வெகுநாள் கோரிக்கை. இவ்வளவு இருந்தும் 12 அணிகளில் 180 இடங்களைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கிரிக்கெட் உள்ளே இருந்தே தீர வேண்டுமென்றால், கால்பந்தில் ஆண்களுக்கு வைத்திருப்பதைப் போல 23 வயதுக்குட்பட்டவர்கள், அவர்களோடு மூத்தவர்கள் மூவர் என்று ஆடட்டும். நேபாளத்திலும் அயர்லாந்திலும் இருக்கும் இளைஞனுக்கு அது உண்மையிலேயே சிகரமாக இருக்கும்.

அதே மும்பைக் கூட்டத்தில் சேர்க்கப்பட்ட ஸ்குவாஷைப் பாருங்கள். ஆணும் பெண்ணுமாக 32 பேர்தான். உலகம் முழுவதும் ஆடப்படும் ஆட்டம்; தொழில்முறைப் போட்டிகள் உண்டு; ஆனாலும் அதை ஆடுகிற யாரைக் கேட்டாலும் ஒலிம்பிக் பதக்கம் வேண்டும் என்பார்கள். அதற்காகப் பல பத்தாண்டுகள் கதவைத் தட்டினார்கள். எட்டு முறை உலகச் சாம்பியனான மலேசியாவின் நிகோல் டேவிட், தன் காலம் முழுவதும் காத்திருந்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றார். நம் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவுக்கு 2028-இல் 41 வயது. 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பையை ஜோஷ்னா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங் அடங்கிய இந்திய அணி முதல்முறையாக வென்றது. நால்வரில் மூவர் சென்னையில் வளர்ந்த ஆட்டத்தின் பிள்ளைகள். ஸ்குவாஷ் மிகவும் தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம்.

கிரிக்கெட்டிலேயே ஒரு வகைக்கு நான் கை தூக்குவேன். பார்வையற்றோர் கிரிக்கெட். ஓசை எழுப்பும் பந்தை வைத்து ஆடும் அந்த ஆட்டத்துக்கு ஐபிஎல் இல்லை, ஏலம் இல்லை. பார்வையற்ற பெண்களுக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை 2025 நவம்பரில் கொழும்பில் இந்தியப் பெண்கள் வென்றார்கள். செய்தித்தாள்களில் ஒரு நாள் படம் வந்தது. பாராலிம்பிக்கில் கிரிக்கெட் இல்லை. இருபது ஓவர் ஆட்டத்தை ஒலிம்பிக்குக்குக் கொண்டுசெல்ல அத்தனை பாடுபட்ட சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில், இதற்காக அந்தப் பாட்டில் கால்பங்கு பட்டிருக்கலாம்.

சதுரங்கத்துக்கு 1927-லிருந்து அதற்கென்றே ஒலிம்பியாட் இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் பார்த்தோம். குகேஷுக்கு ஒலிம்பிக் தேவையில்லை. கபடி அப்படியல்ல. புரோ கபடி லீக் பணம் தருகிறது. ஆனால் அதை ஆடுகிறவர் கனவு காண்பது ஆசியப் போட்டித் தங்கத்தை. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவில் அதை வென்றவர். சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் இளையோர் ஆசியத் தங்கத்தோடு திரும்பினார். அந்தப் படிக்கு மேல் படி இல்லை. இந்தக் காரணத்தினாலேயே கபடிக்கு ஒலிம்பிக் வேண்டும் என்கிறேன். ஆனால் நம் வீட்டைச் சரிசெய்யாமல் கேட்க முடியாது. 2023 ஹாங்சோவில் இந்தியா, ஈரான் இறுதி ஆட்டம், எந்த விதி செல்லும் என்ற சண்டையில் நடுவே நின்றுபோனது. இந்தியச் சம்மேளனம் பல ஆண்டுகள் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. உள்ளங்கையளவு மண் இருந்தால் ஆடலாம் என்கிற ஆட்டத்தை ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் பயிற்சியாளர்களை அனுப்பிப் பரப்ப வேண்டிய சம்மேளனம், தேர்தல் வழக்குகளில் காலத்தைச் செலவழித்துவிட்டது.

சேர்வராயன் மலைக்கு வருகிறேன். ஏற்காட்டில் சமதரை அபூர்வம். கட்டணம் வாங்கும் பழைய உண்டு உறைவிடப் பள்ளிகளில் விரிந்த மைதானங்கள் உண்டு. நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கிடைப்பது மேடும் பள்ளமும் நிழல் சூழ்ந்த காப்பித் தோட்டப் பாதையும்தான். நடுவில் 22 கஜ ஆடுகளமும் சுற்றிலும் 60, 70 மீட்டர் சமதரையும் தேவைப்படும் ஆட்டத்துக்கு அந்தச் சரிவில் இடமில்லை. ஓட இடமுண்டு. கென்யாவின் ஈட்டன் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர்தான். உடலில் சிவப்பணு கூடும் அளவுக்கான உயரப் பயிற்சி இங்கே சாத்தியம் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் தினமும் மேடேறிப் பள்ளிக்கு நடக்கும் பிள்ளையின் கெண்டைக்காலும் நுரையீரலும் பெறும் வலுவைச் சமவெளியில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. நெடுந்தூர ஓட்டம், வேகநடை, மலைப்பாதைச் சைக்கிள், டோக்கியோவில் சேர்ந்த பாறையேற்றம் எல்லாமே ஒலிம்பிக் விளையாட்டுகள். எல்லாவற்றுக்கும் அந்தப் பதக்கமே சிகரம். இவற்றில் ஒன்றுக்காவது இந்த மலையில் ஒரு பயிற்சியாளரும் ஒரு விடுதியும் வேண்டும். ஈரம் காயாத மழைக்கால மாதங்களிலும் ஓடக்கூடிய ஒரு பாதை வேண்டும். இது ஐபிஎல் ஏலத்தில் பெயர் தெரியாத ஒரு வீரருக்குக் கொடுக்கும் அடிப்படை விலையைவிடக் கூடுதலாக ஆகாது என்றே நினைக்கிறேன்.

அரசு நிதிக்கும் ஒலிம்பிக் பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விளையாட்டு பட்டியலில் ஏறினால் வீரர்களுக்கு நிதி உதவி தரும் ஒன்றிய அரசின் டாப்ஸ் திட்டம், தமிழ்நாட்டின் எலைட், மிம்ஸ் திட்டங்கள், அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு, ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி என்று எல்லாம் அதன் பின்னே போகும். இப்போது கிரிக்கெட்டும் பட்டியலில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் இந்தியா வென்றால் 15 பேர் கொண்ட அணிக்குப் பாராட்டும் பரிசும் அறிவிக்க அரசுகள் போட்டி போடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாடு அரசு இப்போதே ஒரு முடிவு எடுக்கலாம்: கிரிக்கெட் அணிக்கு மாலை போடட்டும், விழா எடுக்கட்டும், ஒலிம்பிக் வீரர்களுக்கான பயிற்சி நிதியிலிருந்தும் பரிசு நிதியிலிருந்தும் கிரிக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. அதற்கான பணம் வாரியத்திடம் இருக்கிறது. 2036-க்காக இந்தியா தன் விருப்ப விளையாட்டுப் பட்டியலை அனுப்பும்போது அதில் கபடி இருக்கட்டும், கிரிக்கெட் வேண்டாம் என்று தமிழ்நாடு ஒலிம்பிக் சங்கம் இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.